வீணை சாதகத்தை வீட்டிலேயே வீடியோவும் ஒலியுமாகப் பதிவு செய்ய என்ன வாங்க வேண்டும்?

வீணை கற்கிறீர்கள், வாசிப்பைப் போனில் பதிந்து குருவுக்கு அனுப்புகிறீர்கள், அதில் நாதமே இல்லை, என்ன மைக் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் வீணை வாசிப்பவன்தான். இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டாம்.

வீணையில் மீட்டிய பிறகுதான் விஷயமே இருக்கிறது. ஒரு மீட்டு, அது தேய்ந்துகொண்டே போகும்போது தந்தியை இழுத்து இரண்டு மூன்று ஸ்வரங்கள். போன் கெடுப்பது சரியாக இந்த இடத்தைத்தான். பேச்சைப் பதிவதற்கென்று அமைக்கப்பட்டிருப்பதால், சத்தம் குறைந்தால் தானாகத் தூக்கும், கூடினால் அமுக்கும். மாறாமல் ஒலிக்கும் எதையும் இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு வடிகட்டும். தம்புராவின் சுருதியும் அப்படி மாறாத ஒலிதானே? அதனால் அது மறைந்து மறைந்து வரும். தோடி ராகத்தில் காந்தார ஸ்வரத்தின் கடைசி அசைவு காணாமலே போகும்.

ஆட்டோ கெயின் (சத்தத்தைத் தானாகக் கூட்டிக் குறைப்பது), நாய்ஸ் ரிடக்‌ஷன் (இரைச்சலை வடிகட்டுவது) இரண்டையும் அணைக்க முடிகிற ஒலிப்பதிவு ஆப்பைத் தேடிப் போடுங்கள். ஒலியைச் சுருக்காத வேவ் (WAV) ஃபைலாக, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் பதியுங்கள். பலமாக மீட்டும்போது ஆப் காட்டும் அளவு மைனஸ் 12 டெசிபலைத் தொட்டால் போதும்.

அப்புறம் இடம். விலை உயர்ந்த மைக்கைவிட இதுதான் முக்கியம் என்பேன். மின்விசிறியை நிறுத்துங்கள், வியர்த்தாலும் பரவாயில்லை. போனை வீணையின் குடத்துக்கு எதிரே ஒன்றரை அடி, இரண்டடி தள்ளி, மடித்த துணிமேல் வையுங்கள். வெறும் தரையில் வைத்தால் தாளம் போடும் அதிர்வும் ஏறிவிடும். தந்தியை அழுத்தி வாசிக்கும் மெட்டுகளுக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். தேங்காய் எண்ணெய் தொட்டு வாசித்தாலும் விரல் உரசுவது அங்கே பெரிதாகக் கேட்கும். வெற்றுச் சுவர்கள் உள்ள கூடத்தைவிடக் கட்டிலும் மெத்தையும் துணி அலமாரியும் இருக்கிற அறை எவ்வளவோ மேல். சுருதிப் பெட்டியை மைக்குக்குப் பின்பக்கம் தள்ளி, நீங்கள் சுருதி சேர்க்கத் தேவையான அளவு மட்டும் வையுங்கள்.

வீடியோவுக்கு வீட்டில் இன்னொரு போன் இருந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஓடவிட்டு, கேமரா முன்னால் ஒருமுறை கை தட்டுங்கள். எடிட்டிங் ஆப்பில் கை சேரும் படத்தையும் அந்தச் சத்தத்தையும் ஒன்றாக நிறுத்திவிட்டு, வீடியோவின் சொந்த ஒலியை அணைத்துவிடலாம். பின்பக்கக் கேமராவையே பயன்படுத்துங்கள், செல்ஃபி கேமரா சில போன்களில் இடவலம் மாற்றிச் சேமிக்கும். கண் உயரத்துக்கு மேலிருந்து கீழ்நோக்கிச் சாய்த்து வைத்தால்தான் இடது கை விரல் தந்தியை எவ்வளவு இழுக்கிறது என்று குருவுக்குத் தெரியும். முகம் பாதி வெட்டுப்பட்டாலும் போகட்டும். வெளிச்சத்துக்கு ஜன்னல் போதும். எல்இடி விளக்கில் படம் பட்டை பட்டையாக மினுங்கினால், நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் நொடிக்கு 25 ஃபிரேம் வைத்துப் பாருங்கள்.

இதெல்லாம் செய்து, சில வாரம் பழகிய பிறகும் போதவில்லை என்றால் கையடக்க ரெக்கார்டர் ஒன்று வாங்கலாம். ஸ்டீரியோ மைக் உள்ளேயே இருக்கும், கம்ப்யூட்டர் வேண்டாம். நான் அதற்கு மேல் போகவில்லை.

ஸ்டீரியோ வேவ் நிமிடத்துக்கு 17 எம்பி பிடிக்கும், ஒரு மணி நேரம் ஏறக்குறைய 1 ஜிபி. குருவுக்கு அதைச் சுருக்காமல் டிரைவில் ஏற்றி இணைப்பை அனுப்புங்கள். வாய்ஸ் மெசேஜாகப் போனால் மறுபடியும் நாதம் போய்விடும்.