செகெட் நகரம்: உப்பும் ஆறும் (கேள்வி பதில்)

தெற்கு ஹங்கேரியில் உள்ள செகெட் பற்றி நண்பர்கள் கேட்டவற்றுக்கு, இந்த ஊரைப் பல ஆண்டுகளாக ஆசையோடு படித்துவருபவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

செகெட் என்றால் என்ன பொருள்?

ஹங்கேரிய மொழியில் 'செக்' என்றால் மூலை. திசா ஆறு வளைந்து திரும்பும் இடத்தில் ஊர் இருப்பதால் அந்தப் பெயர் என்பார்கள். 'சிகெட்', அதாவது தீவு என்ற சொல்லோடு இணைப்பவர்களும் உண்டு. வெள்ளக் காலத்தில் மேடுகள் மட்டும் தீவு தீவாக நின்ற நிலம் என்பதால் அதுவும் பொருந்தத்தான் செய்கிறது.

கடலும் இல்லை, மலையும் இல்லை. ஊர் எப்படி வளர்ந்தது?

உப்பால். கிழக்கே உள்ள திரான்சில்வேனியா பகுதியின் சுரங்கங்களில் வெட்டிய உப்பைப் படகேற்றி மரோஷ் ஆற்றில் அனுப்புவார்கள். மரோஷ் திசாவோடு கலக்கும் கூடுதுறையில் இருக்கிறது செகெட். 1183இல் ஊரின் பெயர் முதன்முதலாக எழுத்தில் வருவதே இந்த உப்புப் போக்குவரத்தை ஒட்டித்தான்.

துருக்கியர் ஆட்சி இருந்ததா?

இருந்தது. 1543 முதல் 1686 வரை.

அண்ணா, 1879 வெள்ளத்தில் ஊரே அழிந்தது என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான் தம்பி. திசாவின் வளைவுகளை வெட்டி நேராக்கி, இருபுறமும் கரை கட்டியிருந்தார்கள். முன்பு வயல்வெளியில் பரவிய நீர் கரைகளுக்குள் ஏறி வந்தது. ஊருக்கு வடக்கே கரை உடைந்தது. ரயில்பாதை மேடு சில நாள் தடுத்து நின்று, மார்ச் 12 அதிகாலை அதுவும் உடைந்தது. ஆற்றை எதிரே பார்த்துக் காவல் இருந்த ஊருக்குள் தண்ணீர் முதுகுப்புறமாக நுழைந்தது. பெரும்பாலானவை பச்சைமண் வீடுகள். நனைந்ததும் கரைந்து சரிந்தன. ஏறத்தாழ 5,700 வீடுகளில் 265தான் மிஞ்சின. சுமார் 150 பேர் இறந்தார்கள்.

அப்புறம் எப்படிக் கட்டினார்கள்?

பொறியாளர் லயோஷ் லெக்னர் தலைமையில் தரையை மண்ணிட்டு உயர்த்தி, இரண்டு வளையச் சாலைகளும் அவற்றை வெட்டிச் செல்லும் நேர்ச்சாலைகளும் போட்டார்கள். பழைய ஊரில் அப்படி ஒழுங்கே கிடையாது. வெளி வளையத்தின் துண்டுகளுக்கு ரோம், பாரிஸ், லண்டன், பெர்லின், வியன்னா என உதவிய நகரங்களின் பெயர்களைச் சூட்டினார்கள். பெற்ற உதவியைத் தெருவிலேயே எழுதிவைத்த அந்த நன்றி எனக்கு மிகவும் பிடிக்கும்.

எல்லை ஊரா இது?

முதல் உலகப் போருக்குப் பின் ஹங்கேரியின் எல்லைகளைச் சுருக்கிய 1920 திரியானோன் உடன்படிக்கைக்குப் பிறகு ஆனது. செர்பியா பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் இருக்கிறது. உப்பு வந்த திரான்சில்வேனியா ருமேனியாவுக்குப் போய்விட்டது. அங்கிருந்த கொலோஷ்வார் பல்கலைக்கழகம் 1921இல் செகெட்டுக்கு இடம்பெயர்ந்தது. உயிர்வேதியியலாளர் ஆல்பர்ட் சென்ட் ஜார்ஜி இவ்வூர்ப் பப்ரிகா மிளகாயிலிருந்து வைட்டமின் சி-யை ஏராளமாகப் பிரித்தெடுத்தது செகெட்டுக்கு வந்த அந்தப் பல்கலைக்கழகத்தில்தான். 1937இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இப்போது வெள்ள பயம் இல்லையா?

எப்படி இல்லாமல் போகும்? நாட்டிலேயே தாழ்ந்த நிலம் இந்தப் பக்கம்தான், கடல்மட்டத்திலிருந்து 80 மீட்டர்கூட வராது. 2006 ஏப்ரலில் செகெட்டில் திசா ஆற்று அளவுகோலில் 1,009 செ.மீ. வரை ஏறியது, அதுவரை காணாத அளவு. கரைச்சுவர் மேல் மணல் மூட்டைகளை அடுக்கினார்கள். ஊர் தப்பித்தது.