விண்கலக் கருவியில் மின்பொறியாளர்

கேள்வி: மின் பொறியியல் படிக்கும் என் மகள் விண்கலக் கருவிகளின் மின்னணுப் பிரிவில் சேர விரும்புகிறாள். அங்கே என்ன வேலை இருக்கும்?
– வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: உங்கள் ஊருக்கு அருகேயுள்ள சித்தம்பூண்டிப் பாறையைப் பொடித்துத்தான் சந்திரயான்-2 சோதனைகளுக்கு நிலவு மண்ணை ஒத்த தளம் அமைத்தார்கள், ஆகவே இந்தத் துறை சேலத்துக்கு அந்நியமன்று. 2023 ஆகஸ்டு 23 அன்று இறங்கிய சந்திரயான்-3இன் ஊர்தியில், அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடம் உருவாக்கிய எக்ஸ் கதிர் நிறமாலைமானி நிலவு மண்ணின் தனிமங்களை அளந்தது. இத்தகைய கருவியில், சிலிக்கான் உணர்வியின் மீது விழும் ஓர் எக்ஸ் கதிர்த் துகள் எழுப்பும் மின்னூட்டம் சில நூறு அல்லது சில ஆயிரம் எலக்ட்ரான்கள் மட்டுமே. அதை இரைச்சலில் தொலைந்துபோக விடாமல் பெருக்கி எண்ணாக மாற்றும் சுற்றை வடிவமைப்பதே உங்கள் மகளின் வேலையாக இருக்கும். மிக அழகான வேலை அது.

வெற்றிடத்தில் விசிறி பயன்படாது என்பதால், சூடேறும் மின்னணுச் சில்லின் வெப்பம் மின்சுற்றுப் பலகையின் செப்புத் தகடு வழியாகவே கருவியின் சட்டகத்துக்கு இறங்க வேண்டும். விண்வெளிக் கதிர்வீச்சோ நினைவகத்தில் உள்ள 0-வை 1 ஆக்கிவிடக்கூடும். சுற்றை வடிவமைப்பவர் இவற்றையும் சமாளிக்க வேண்டும். அனுபவம் கூடியபின் குழுவை வழிநடத்துபவர் எடை, மின்சாரம், கால அட்டவணை ஆகியவற்றுக்கும் பொறுப்பேற்பார். இப்போதைக்கு அனலாக் மின்னணுவியலை ஆழமாகப் படித்து, ஒரு பெருக்கிச் சுற்றையாவது தன் கையால் பற்றாசு வைத்து (சால்டரிங்) இணைத்து, அதன் மின் அலையை அலைவரைவியில் (ஆசிலாஸ்கோப்) பார்க்கச் சொல்லுங்கள். இஸ்ரோ அறிவிப்புகளில் மின் பொறியியல் பிரிவுக்கு இடம் உள்ளதா என்பதை ஒவ்வொரு முறையும் கவனித்து விண்ணப்பிக்கட்டும்.