கறுப்பின கௌபாய் படங்கள் என்பவை எவை? அவை ஏன் எடுக்கப்பட்டன?

அமெரிக்காவின் மேற்குப் பகுதியைக் களமாகக் கொண்டு, கறுப்பின மாடு மேய்ப்பவர்களையோ குதிரைப்படை வீரர்களையோ நாயகர்களாக்கி எடுக்கப்படும் வெஸ்டர்ன் படங்களே இவை.

இவற்றுக்கு அடிப்படை உண்மையான வரலாறு. டெக்சாஸில் அடிமைகளாக இருந்தபோதே மாடு பிடிக்கவும் குதிரை பழக்கவும் கற்றிருந்த பலர், 1865-இல் விடுதலை பெற்றபின் அதே வேலையைக் கூலிக்குச் செய்து, மந்தைகளைக் கான்சாஸின் ரயில் நிலையங்கள் வரை ஓட்டிச் சென்றனர். 1866-இல் கறுப்பின வீரர்களைக் கொண்ட ஒன்பதாம், பத்தாம் குதிரைப்படைப் பிரிவுகள் அமைக்கப்பட்டன. அதிகாரிகள் பெரும்பாலும் வெள்ளையரே. இவ்வீரர்கள் பூர்வகுடியினர்மீதும் ஏவப்பட்டார்கள் என்ற சங்கடம் திரையில் போதுமான அளவு பேசப்படவில்லை என்பது என் கருத்து.

ஹாலிவுட் நெடுங்காலம் இவர்களை ஓரங்கட்டியே வைத்திருந்தது. கல்யாண ஆல்பத்தில் சமையல்காரரின் முகம் இல்லை என்பதால், பந்தியில் பரிமாறியதை அவர் சமைக்கவில்லை என்று ஆகிவிடுமா? 1972-இல் சிட்னி பாய்ட்டியே என்ற கறுப்பின நடிகர் இயக்கி நடித்த 'பக் அண்ட் த பிரீச்சர்' அந்த விடுபட்ட முகத்தைக் காட்டியது: விடுதலை பெற்றவர்கள் வண்டிகளில் மேற்கு நோக்கிப் போகிறார்கள், அவர்களைப் பழைய தோட்டங்களுக்கே விரட்டக் கூலிப்படை துரத்துகிறது.

இவை அண்மைக்கால அரசியலுக்காகப் புகுத்தப்பட்ட புதுமை என்று சிலர் நினைப்பது தவறு. காளையின் உதட்டைப் பல்லால் கவ்வி அதைத் தரையில் சாய்க்கும் வித்தையால் புகழ்பெற்ற பில் பிக்கெட் என்ற கறுப்பின கௌபாய், 1920-களின் தொடக்கத்திலேயே மௌனப்படத்தில் நாயகனாகத் தோன்றிவிட்டார்.