திருமணச் சடங்குக்கு எந்தப் பாட்டு? முதலில் நேரத்தை அளந்து பாருங்கள்

கேள்வி: எங்கள் திருமணத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. சடங்கு அரை மணி நேரம்தான். நானும் அவரும் ஆளுக்குப் பத்துப் பாட்டு எழுதி வைத்திருக்கிறோம், ஒன்றுகூட ஒத்துப்போகவில்லை. பெரியவர்கள் கேட்பது தனிப் பட்டியல். வயலின் வாசிக்கும் தோழி ஒருத்தி இருக்கிறாள். இல்லையென்றால் ஸ்பீக்கரில் போட்டுக்கொள்ளலாம். எதை வைப்பது, எதை விடுவது?

பதில்: பட்டியலைக் கொஞ்ச நேரம் மூடி வையுங்கள். சடங்கில் இசைக்கு எங்கெல்லாம் இடம் இருக்கிறது என்று முதலில் பார்ப்போம். விருந்தினர் வந்து அமரும் நேரம், நீங்கள் உள்ளே நடந்து வரும் நேரம், உறுதிமொழி முடிந்து கையெழுத்துப் போடும் நேரம், இருவரும் சேர்ந்து வெளியே போகும் நேரம். உங்களுடையது போன்ற சிறிய சடங்கில் இந்த நான்குதான்.

எல்லோரும் மண்டையை உடைத்துக்கொள்வது உள்ளே வரும் பாட்டுக்காக. அதுதான் இருப்பதிலேயே குறைந்த நேரம் ஒலிப்பது. வாசலிலிருந்து மேடை வரை 20 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு அரை மீட்டர் என்று ரொம்ப நிதானமாக நடந்தாலும் 40 நொடியில் போய்ச் சேர்ந்துவிடுவீர்கள். உங்களுக்குப் பிடித்த பாட்டோ நான்கு நிமிடம். குரல் தொடங்கவே 30 நொடி ஆகலாம். மனசை உருக்கும் அந்த வரி வருவதற்குள் நீங்கள் மேடையில் நின்றிருப்பீர்கள், யாரோ ஒருவர் பாட்டைச் சட்டென்று நிறுத்துவார். சடங்குகளில் எனக்கு மிகவும் வலிப்பது அந்த வெட்டுதான். அத்தனை அக்கறையோடு தேர்ந்தெடுத்த பாட்டு அரைகுறையாக முடிந்துபோகிறது.

அதனால் ஒவ்வொரு பாட்டையும் இரண்டு கேள்வி கேளுங்கள். முதல் பத்து நொடியிலேயே தன் உணர்வைக் கொண்டுவந்துவிடுகிறதா? எந்த இடத்தில் நிறுத்தினாலும் அறுபட்டதுபோல் தெரியாமல் இருக்குமா? ஜெர்மன் இசையமைப்பாளர் பாகெல்பெல்லின் ‘கானன்’ என்ற இசை உலகம் முழுக்கத் திருமணங்களில் வாசிக்கப்படுவதற்கு அதன் அழகு மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. எட்டே சுரங்கள் கொண்ட ஒரே அடிநாத வரி (மெட்டுக்குக் கீழே தாழ்ந்த ஒலியில் ஓடுவது) அதில் 28 முறை திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு சுற்று முடியும் இடத்தில் வாசிப்பவர் நிறுத்திக்கொள்ளலாம். மணப்பெண் தாமதமானால் இன்னும் நான்கு சுற்றுப் போகலாம். பதிவு செய்த பாட்டுக்கும் வழி இருக்கிறது. முன்னிசையை வெட்டிவிட்டு வேண்டிய வரியிலிருந்து தொடங்கும்படி ஒரு தனிக் கோப்பு தயார் செய்யுங்கள். முடிவில் ஒரு வரி முடிந்ததும் ஐந்தாறு நொடியில் மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்தச் சொல்லுங்கள்.

அடுத்தது வரிகள். மெட்டை மட்டும் கேட்டுவிட்டு முடிவு செய்யாதீர்கள், முழுப் பாடலையும் படித்துப் பாருங்கள். 1983-இல் வந்த ‘எவ்ரி பிரெத் யூ டேக்’ என்ற ஆங்கிலப் பாட்டு காதல் பாட்டுபோலத்தான் காதில் விழும். அது விலகிப்போன ஒருத்தியை விடாமல் கண்காணிப்பவனின் குரல். ‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’ பிரிந்து போகும்போது சொல்லும் விடை. அமெரிக்கப் பாடகி டாலி பார்ட்டன் தன் தொழில் கூட்டாளியை விட்டுக் கிளம்பும்போது எழுதியது. பலரும் மணப்பெண் வருகைக்கு வைக்கும் ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் மெட்டு 1850-இல் அரங்கேறிய ‘லோயன்கிரின்’ என்ற ஓப்பராவில் (இசை நாடகத்தில்) வருவது. அந்தக் கதையில் பாட்டு முடிந்த சிறிது நேரத்திலேயே அந்தத் திருமணம் முறிகிறது. வார்த்தை இல்லாமல் மெட்டாக மட்டும் கேட்கும்போது இது பலருக்கு உறுத்தாது, உங்களுக்கும் உறுத்தாவிட்டால் தாராளமாக வையுங்கள். தெரிந்து வைக்கிறோமா என்பதுதான் முக்கியம்.

உறுதிமொழி சொல்லும்போது பின்னணி இசை வேண்டாம். இதில் நான் பிடிவாதக்காரன். வார்த்தையுள்ள பாட்டு ஓடினால் காது எதைக் கேட்பது என்று தடுமாறும். நடுங்கும் குரலில் சொல்லும் நான்கு வாக்கியங்களைக் கடைசி வரிசையில் இருப்பவரும் கேட்க வேண்டும். இன்னொன்று, வீடியோவில் குரலோடு பாட்டும் கலந்து பதிந்துவிட்டால் அப்புறம் சுத்தமாகப் பிரித்தெடுப்பது கடினம். இணையத்தில் ஏற்றும்போது காப்புரிமையைக் காட்டி ஒலியை நிறுத்திவிடவும் வாய்ப்பு உண்டு. உங்கள் சொந்த வார்த்தைகளும் சேர்ந்தே போய்விடும்.

பெரியவர்களின் பட்டியலுக்கு வருவோம். விருந்தினர் அமரும் அந்த இருபது நிமிடம்தான் நீளமான இடம். ஐந்தாறு பாட்டு தாராளமாகப் போகும். பெரியவர்கள் கேட்டதையும் உங்கள் இருவர் பட்டியலில் மிஞ்சியதையும் அங்கே கலந்து வையுங்கள். பேச்சுக்கு இடைஞ்சல் இல்லாத ஒலியளவு போதும். கையெழுத்துப் போடும்போது இரண்டு பாட்டு. உள்ளே வரும் பாட்டை நீங்கள் தேர்ந்தெடுங்கள், வெளியே போகும் பாட்டை அவரிடம் விட்டுவிடுங்கள். அவர் எதை எடுத்தாலும் முதல் நொடியிலேயே எழுந்து நிற்கும் பாட்டாக இருக்கட்டும். இசையமைப்பாளர் மெண்டல்சன் 1842-இல் எழுதிய திருமண அணிவகுப்பு எக்காள முழக்கத்தோடு தொடங்குவதால்தான் அந்த இடத்துக்கு அவ்வளவு பொருந்துகிறது.

தோழி வாசிக்கட்டும். மனிதக் கை வாசிப்பதன் உயிர்ப்பு தனி. உங்கள் நடைக்கு ஏற்ப அவளால் நீட்டவும் சுருக்கவும் முடியும். புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ளச் சொல்லாதீர்கள், ஏற்கெனவே கையில் இருப்பதைக் கேளுங்கள். திறந்தவெளி என்றால் ஒற்றை வயலின் சில வரிசைகளைத் தாண்டாது, மைக் தேவை. வெயில் நேராக விழாத இடமாகப் பாருங்கள், சூட்டில் சுருதி இறங்கும்.

ஸ்பீக்கர் என்றால் பாட்டுகளை முன்கூட்டியே போனில் இறக்கி வையுங்கள். இணையத்தை நம்பினால் நடுவே விளம்பரம் வரும். போன் ஃப்ளைட் மோடில் இருக்கட்டும், அதே கோப்புகளோடு இன்னொரு போனும் வேண்டும். இயக்குபவர் வாசலைப் பார்க்கும்படி நிற்க வேண்டும், அவருக்கு அன்று வேறு வேலை எதுவும் தராதீர்கள். வழிபாட்டுத் தலத்தில் நடப்பதானால் எந்த இசைக்கு அனுமதி உண்டு என்று இப்போதே கேட்டுவிடுங்கள்.

முந்தின நாள் அந்த இடத்துக்கே போய், திருமணத்தன்று போடப்போகும் செருப்போடு, பாட்டை ஓடவிட்டு இரண்டு முறை நடந்து பாருங்கள். எந்த நொடியில் மேடைக்கு வருகிறீர்கள் என்று குறித்து, பாட்டு இயக்குபவரிடம் கொடுங்கள்.