'தி டர்னிங் பாயின்ட்' படத்தில் டீடீ, எம்மா இருவரில் யார் எடுத்த முடிவு சரி?

இந்தக் கேள்வியை யாரும் வெறும் சினிமா ஆர்வத்தில் கேட்டுவிட மாட்டார்கள். நீங்கள் ஆடுகிற பெண், வீட்டில் கல்யாணப் பேச்சு எடுத்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. இல்லையென்றாலும் பரவாயில்லை, அந்த நிலையில் இருக்கும் வேறு யாராவது படிக்கட்டும்.

படம் பார்க்காதவர்களுக்காக நாலு வரி. 1977-ல் ஹெர்பர்ட் ராஸ் எடுத்தது. டீடீயும் எம்மாவும் ஒரே பாலே குழுவில் ஒன்றாக ஆடிய தோழிகள். டீடீ கர்ப்பமாகி, கல்யாணம் செய்துகொண்டு, ஓக்லஹோமா சிட்டியில் கணவனோடு பாலே பள்ளி நடத்துகிறாள். எம்மா குழுவிலேயே இருந்து பெரிய நட்சத்திரம் ஆகிறாள், அவளுக்கும் வயதாகிவிடுகிறது. பல வருடம் கழித்துக் குழு அந்த ஊருக்கு வருகிறது. டீடீயின் மகள் எமிலியா அதில் சேர நியூயார்க் போகிறாள். ஷெர்லி மெக்லெய்ன் டீடீயாகவும் ஆன் பான்கிராஃப்ட் எம்மாவாகவும் நடித்தார்கள். 11 ஆஸ்கர் பரிந்துரை வந்து ஒன்றுகூடக் கிடைக்காத படம்.

'கலையா, குடும்பமா' என்கிற படமாகத்தான் எல்லாரும் இதைச் சொல்கிறார்கள். எனக்குத் தைத்த முள் வேறு. ஒரு புது பாலேயில் நாயகி ஆன்னா கரீனினாவின் வேடம் இருவரில் ஒருத்திக்கு என்று இருந்த நேரத்தில்தான் டீடீ கர்ப்பமாகிறாள். பிள்ளையைப் பெற்றுக்கொள் என்று யோசனை சொன்னவள் எம்மா. வேடமும் எம்மாவுக்கே போனது. என் நல்லதுக்குச் சொன்னாளா, வேடத்துக்காகச் சொன்னாளா என்று டீடீ அத்தனை வருடமும் மனசுக்குள் வைத்துப் புழுங்குகிறாள். போட்டியில் நின்று தோற்றிருந்தால் அவள் நிம்மதியாக இருந்திருப்பாள். அவள் ஆடிப் பார்க்கவே இல்லையே!

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அப்படி யோசனை சொன்னவள் நான்.

1989, கும்பகோணம். வாத்தியார் வீட்டுக் கூடத்தில் சிவப்பு சிமெண்ட் தரையில் பரதநாட்டியம் கற்றுக்கொண்டோம், நானும் என் சிநேகிதியும் இன்னும் சிலரும். அவர் தட்டுக்கழியால் தட்டித் தட்டி பலகையின் நடுவே ஒரு குழியே விழுந்திருக்கும். அந்த வருடம் குற்றாலக் குறவஞ்சி நாட்டிய நாடகம் போடுவதாக முடிவாகியிருந்தது. அதன் நாயகி வசந்தவல்லியாக ஆடப்போவது யார் என்று வாத்தியார் வாய் திறக்கவில்லை, ஆனால் என் சிநேகிதிதான் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். வசந்தவல்லி பந்தடிக்கும் இடத்தில் கையில் பந்து கிடையாது, கண்ணால்தான் காட்ட வேண்டும். அவள் எறிந்தால் நாங்கள் அத்தனை பேரும் உத்தரத்தை அண்ணாந்து பார்ப்போம். நான் எறிந்தால் என் கையைத்தான் பார்ப்பார்கள். என்னை வசந்தவல்லியின் தோழி வேடத்தில் போடுவார் என்பதும் எனக்குத் தெரியும்.

அந்தச் சமயத்தில் அவளுக்குச் சேலத்திலிருந்து வரன் வந்தது. பேங்க் வேலை. கல்யாணத்துக்கு அப்புறம் மேடை ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஒருநாள் சாயங்காலம் படித்துறையில் காலைத் தண்ணீரில் விட்டபடி, "நீ சொல்லுடி, நான் என்ன பண்ணட்டும்?" என்றாள். குதிகாலில் வெடிப்புக்குப் போட்டிருந்த மஞ்சள் கரைந்து போய்க்கொண்டிருந்தது. "இப்படி ஒரு இடம் திரும்ப வராதுடி. டான்ஸ் எங்க போயிடப் போகுது?" என்றேன். அன்று ராத்திரியே வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று பந்து எறிந்து பார்த்தேன்.

"உன் பேச்சைக் கேட்டா அவள் கழுத்தை நீட்டினாள்? அவள் அப்பா எப்போதோ முடிவு பண்ணியிருப்பார்" என்று கீழே எழுதப் போகிறவர்களுக்கு: தெரியும். அவள் கணவர் தங்கமான மனிதர், அவள் நன்றாக இருக்கிறாள், அதுவும் தெரியும். குடும்பம் என்றால் மட்டம் என்று நான் சொல்லவில்லை, தயவுசெய்து அப்படிப் படிக்காதீர்கள். அவள் கேட்டது என்னை. நான் சொன்ன பதில் அவளுக்கான பதில் இல்லை. அவ்வளவுதான் சொல்ல வருகிறேன்.

வசந்தவல்லியாக நான்தான் ஆடினேன். பிறகு சென்னைக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆடினேன். ஆடிக்கொண்டே இருந்தவளுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால் அதையும் சொல்லிவிடுகிறேன். டிசம்பர் கச்சேரி சீசனில் மத்தியானம் இரண்டு மணி ஸ்லாட். பாட்டு, நட்டுவாங்கம், மிருதங்கம், வயலின், மேக்கப், வேன் எல்லாம் ஆடுகிறவள் கைக்காசு. ஒரு சபாவில் மேடை கொடுக்க 'டொனேஷன்' கேட்டார்கள். இரண்டு வளையலை அடகு வைத்துக் கொடுத்தேன். அன்று முன்வரிசையில் ஒன்பது பேர். வெளிநாட்டிலிருந்து வந்து காசு கொடுத்து ஆடும் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் இல்லை, வாங்குகிறவர்கள் மேல்தான். பெரிய பாலே குழுவில் சேர்ந்தால் ஆடுகிறவருக்குச் சம்பளம் உண்டு, வாத்தியக்காரர்களுக்குக் குழு கொடுக்கும். இங்கே ஆடுகிறவளே எல்லாருக்கும் சம்பளம் கொடுக்க வேண்டும். எம்மாவைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படத்தை நான் பார்த்தது 2015-ல், அண்ணன் மகள் வீட்டில். தயாரிப்பாளர்களில் ஒருவர் ராஸின் மனைவி நோரா கே. 1942-ல் ஆன்டனி டியூடரின் 'பில்லர் ஆஃப் ஃபயர்' பாலேயில் ஆடிப் பெயர் வாங்கியவர். அவருக்கும், ஆட்டத்தை விட்டுக் குடும்பத்துக்குப் போன ஒரு தோழிக்கும் இருந்த உறவிலிருந்து பிறந்த கதை இது. அந்தத் தோழியின் மகள் லெஸ்லி பிரவுன்தான் எமிலியாவாக ஆடியிருக்கிறார். கடைசியில் நியூயார்க்கின் லிங்கன் சென்டர் கலையரங்க வாசலில் டீடீயும் எம்மாவும் ராத்திரியில் அறைந்துகொண்டு, கைப்பையால் அடித்துக்கொள்ளும் இடம் அவ்வளவு நிஜமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அந்தச் சண்டையில்தான், வேடத்துக்காகச் சொன்னேன் என்று எம்மா ஒப்புக்கொள்கிறாள். அந்த இடத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டு எழுந்து பால்கனிக்குப் போய்விட்டேன்.

ஆகவே யார் முடிவு சரி என்று கேட்டால், எம்மா யோசனை சொல்லியிருக்கக் கூடாது என்பேன். உங்களுக்கு யோசனை சொல்கிறவர்களில் நீங்கள் விட்டுப்போனால் யாருக்கு என்ன கிடைக்கும் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அம்மா அப்பாவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

படம் பார்த்த மறுநாள் சேலத்துக்குப் போன் போட்டு அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். படத்தில் அடித்துக்கொண்டவர்கள் அப்படியே சிரித்துவிடுகிறார்கள். எங்களுக்கு அப்படி நடக்கவில்லை. "இதை இப்ப ஏன் சொல்ற?" என்று கேட்டாள், வைத்துவிட்டாள். எட்டு மாதம் பேசவில்லை. பிறகு அவள் மகள் கல்யாணப் பத்திரிகை தபாலில் வந்தது, உறையில் அவள் கையெழுத்து. போனேன். பந்தியில் என் பக்கத்திலேயே உட்கார்ந்து, எனக்கு இன்னொரு கரண்டி பாயசம் போடச் சொன்னாள். அந்தப் பேச்சை அவள் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.