பழைய கூட்டில் ஒரு ஹல்க்: கூடுதல் விலை கொடுக்கலாமா, உடைக்கலாமா?

வாசகர் ஒருவரின் கேள்வி: மார்வெல் காமிக்ஸான ‘தி இன்க்ரெடிபிள் ஹல்க்’ 181ஆம் இதழை வாங்கப் பல ஆண்டுகளாகப் பணம் சேர்த்துவந்தேன். இப்போது இரண்டு பிரதிகள் கண்ணில் பட்டிருக்கின்றன. காமிக்ஸ் இதழின் நிலையைப் பத்துக்கு மதிப்பிட்டு, அந்த எண்ணை லேபிளில் அச்சிட்டு, இதழை மூடிய பிளாஸ்டிக் கூட்டில் அடைத்துத் தரும் சி.ஜி.சி. நிறுவனம் இரண்டுக்கும் கொடுத்த தரம் 8.5. ஒன்று அண்மையில் தரம் பெற்றது. மற்றொன்று அந்த நிறுவனம் தொடங்கிய புதிதில் தரம் பெற்று, இன்றுவரை அதே பழைய கூட்டில் இருப்பது. “அந்தக் காலத்தில் கறாராகத் தரம் போட்டார்கள், இன்றைக்கு அனுப்பினால் 9.0 வரும்” என்று சொல்லி, பழையதை விற்பவர் கூடுதல் விலை கேட்கிறார். கொடுக்கலாமா? வாங்கினால் கூட்டை உடைத்து மறுபடியும் தரத்துக்கு அனுப்பலாமா?

லேபிள் பழையது என்ற காரணத்துக்காக ஒரு டாலர்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். அதே நேரத்தில் பழைய பிரதியை ஒதுக்கியும் விடாதீர்கள். இரண்டில் அதுவே நல்ல பிரதியாக இருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் அதைச் சொல்ல வேண்டியது உங்கள் கண். லேபிளின் வயதுக்கு அதில் வேலை இல்லை.

பழைய கூட்டின் மேல் இந்த மோகம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் பாதித் தெளிவு கிடைத்துவிடும். அது நாணயச் சேகரிப்பிலிருந்து வந்த பழக்கம். நாணயங்களுக்குத் தரம் போட்டுப் பிளாஸ்டிக்கில் அடைத்துத் தரும் பி.சி.ஜி.எஸ். 1986இல் தொடங்கியது, அடுத்த ஆண்டே என்.ஜி.சி. வந்தது. பி.சி.ஜி.எஸ்.ஸின் முதல் தலைமுறைக் கூடுகளில் நாணயம் கொஞ்சம் தளர்வாக இருக்கும், ஆட்டினால் கிலுகிலுக்கும். அதனால் அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் அவற்றுக்கு ‘ராட்லர்’ என்று செல்லப் பெயரே வைத்தார்கள். இன்றும் அந்தக் கூட்டுக்காகவே கூடுதல் விலை கொடுப்பவர்கள் உண்டு. என்.ஜி.சி.யின் குழுமத்திலிருந்துதான் 2000இல் காமிக்ஸுக்கான சி.ஜி.சி. பிறந்தது. பழைய கூடு என்றால் பழைய கறார் என்ற எண்ணமும் அதே வழியில் காமிக்ஸுக்கு வந்து சேர்ந்தது.

ஆனால் நாணயம் உலோகம், காமிக்ஸ் காகிதம். அதுவும் மலிவான செய்தித்தாள் காகிதம். மரக்கூழில் உள்ள லிக்னினும் அமிலமும் அதை உள்ளிருந்தே பழுப்பாக்கிக்கொண்டிருக்கும். வெளிச்சமும் வெப்பமும் ஈரமும் அந்த வேலையை விரைவுபடுத்தும். கூட்டுக்குள் அடைத்துவிட்டதால் இது நின்றுவிடுவதில்லை. கூடு காற்றுப் புகாத பெட்டி அல்ல. அமில வாயுக்களை உறிஞ்சுவதற்காக முன்னட்டைக்கும் பின்னட்டைக்கும் உள்பக்கமாக ஒரு சிறப்புத் தாளை வைக்கிறார்கள். அதன் உறிஞ்சும் திறனும் ஒரு நாள் தீர்ந்துபோகும். இருபது ஆண்டுகளுக்கு முன் லேபிளில் ‘வெள்ளைப் பக்கங்கள்’ என்று அச்சிட்டிருந்தால், அன்றைக்கு வெள்ளையாக இருந்தன என்பது மட்டுமே அதன் பொருள். நடுவில் அந்தப் பிரதி குளுமையான அலமாரியில் இருந்ததா, வெயில் விழும் சுவரில் மாட்டப்பட்டிருந்ததா என்பதை லேபிள் சொல்லாது. ஆகவே விற்பவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இத்தனை ஆண்டுகளும் இது எங்கே, எப்படி இருந்தது என்பதே.

இரண்டாவது ஆபத்து இன்னும் நேரடியானது. நாணயம் கிலுகிலுத்தால் அது செல்லப் பெயர், காமிக்ஸ் அசைந்தால் அது சேதம். சி.ஜி.சி. கூட்டில் இரண்டு அடுக்குகள் உண்டு. இதழ் முதலில் மெல்லிய உள்ளுறையில் அடைக்கப்படுகிறது. அந்த உறை கடினமான வெளிக்கூட்டுக்குள் வைக்கப்பட்டு, கூட்டின் ஓரங்கள் மீயொலியால் ஒட்டப்படுகின்றன. பழைய கூடுகள் சிலவற்றில் இதழ் உள்ளுறைக்குள் தளர்வாக இருக்கும். யாராவது குலுக்கினாலோ பார்சல் கீழே விழுந்தாலோ, உள்தாள்களைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் அட்டையின் ஓரம் மடங்கிவிடும், கிழியவும் கூடும். தடித்த சிறப்பிதழ்களுக்கு இந்த ஆபத்து அதிகம். உங்கள் ஹல்க் வழக்கமான கனமுள்ள இதழ்தான் என்றாலும் விதிவிலக்கு அல்ல. என்னிடம் வந்த ஒரு பழைய கூட்டில் லேபிள் 9.2 என்றது. உள்ளே கீழ் வலது மூலை நாய்க்காது போல மடங்கியிருந்தது. விற்பவர் காட்டிய படம் பழையது. மடிப்பு வழியில் ஏற்பட்டிருக்க வேண்டும். அன்றிலிருந்து, அதே வாரத்தில் எடுத்த படம் இல்லாமல் எந்தப் பழைய கூட்டுக்கும் நான் பணம் அனுப்புவதில்லை. நான்கு மூலைகளும் தெளிவாகத் தெரியும் படங்கள், முதுகின், அதாவது பின் குத்திய மடிப்பு ஓரத்தின், படம், பின்னட்டையின் படம், இவ்வளவும் கேளுங்கள். கூட்டை மெதுவாகச் சாய்த்து இதழ் நகர்கிறதா என்று பார்த்துச் சொல்லவும் கேட்கலாம். மெதுவாக என்பதை அழுத்திச் சொல்லுங்கள்.

இனி அந்தக் கறார் பேச்சுக்கு வருவோம். அதில் ஓரளவு உண்மை இருக்கிறது, ஆனால் விற்பவர் சொல்லும் காரணம் சரியல்ல. தரம் போடுவதற்கு முன் இதழை இதமான சூட்டிலும் ஈரப்பதத்திலும் அழுத்திச் சமன்செய்வதைப் பிரஸ்ஸிங் என்கிறார்கள். நிறம் உடையாத, அதாவது மை பெயர்ந்து வெள்ளைக் காகிதம் தெரியாத, வளைவுகளும் லேசான அலைகளும் இதில் மறைந்துவிடும். சி.ஜி.சி. இதைச் சீரமைப்பாகக் கருதுவதில்லை. தொடக்க ஆண்டுகளில் இது இன்றைக்கு இருப்பது போல எல்லோருடைய வழக்கமாகவும் இல்லை. எனவே அன்றைய 8.5 பிரதிகளில் பல, அழுத்தப்படாமல் 8.5 வாங்கியவை. அழுத்தினால் உயர இடம் உண்டு. இதுதான் உண்மையான வாய்ப்பு.

ஆனால் இந்த வாய்ப்பை நீங்கள் மட்டுமா கண்டுபிடித்தீர்கள்? விவரம் தெரிந்த வியாபாரிகள் ஆண்டுக்கணக்கில் இதைத்தான் செய்துவருகிறார்கள். உயரக்கூடிய பழைய கூடுகளைத் தேடி வாங்கி, உடைத்து, அழுத்தி, மறுபடி அனுப்பி லாபம் பார்த்துவிட்டார்கள். கைமாறிக் கைமாறி இன்னும் பழைய கூட்டிலேயே இருக்கும் பிரதி என்றால், பலர் உற்றுப் பார்த்து ‘இது ஏறாது’ என்று வைத்துவிட்டுப் போன பிரதியாக இருக்கலாம். இதற்கு மாறாக, அன்றைக்கு வாங்கியவரே இத்தனை காலம் வைத்திருந்து முதன்முறையாக விற்கிறார் என்றால் கதை வேறு. அத்தகைய பிரதியைத்தான் நான் ஆர்வத்தோடு பார்ப்பேன். 9.0 வருவது அவ்வளவு நிச்சயம் என்றால், விற்பவரே அனுப்பி அந்த விலையை வாங்கியிருக்கலாமே என்றும் கேட்டுப் பாருங்கள். முதுகில் நிறம் உடைந்த வெண்கோடுகள்தான் தரத்தைக் குறைத்திருக்கின்றன என்றால் எந்த அழுத்தமும் அவற்றைப் போக்காது. வளைவுதான் குறை என்றால் நம்பிக்கை வைக்கலாம்.

இந்த இதழுக்கென்றே ஓர் எச்சரிக்கையும் உண்டு. 1974 நவம்பர் தேதியிட்ட இதில்தான் வுல்வரின் முழுமையாக அறிமுகமாகிறான். அந்தக் காலத்தில் மார்வெல் இதழ்களின் கடிதப் பக்கத்தில் ஒரு சிறு ‘மார்வெல் வேல்யூ ஸ்டாம்ப்’ அச்சிட்டு, வெட்டி ஒட்டிச் சேர்க்கச் சொன்னார்கள். குழந்தைகள் ஆசையாக வெட்டினார்கள். அதனால் அட்டை பளபளப்பாக இருந்தும் உள்ளே ஓட்டை உள்ள பிரதிகள் ஏராளம். கூட்டுக்குள் இருப்பதைப் புரட்டிப் பார்க்க முடியாது. எனவே லேபிளின் நிறத்தையும் சிறு எழுத்துக் குறிப்பையும் படியுங்கள். ஸ்டாம்ப் வெட்டப்பட்ட பிரதிக்குத் தரம் எண்ணில் உயர்ந்திருந்தாலும் பச்சை லேபிள் கிடைத்திருக்கும். அதன் விலை, வழக்கமான பிரதிகளுக்குக் கொடுக்கும் நீல லேபிளின் விலை அல்ல. நிறம் பூசியது, ஓரம் வெட்டியது போன்ற வேலைகளுக்கு ஊதா. தொடக்க காலத்தில் நவீன இதழ்களுக்குச் சிவப்பு லேபிளும் இருந்தது, பின்னர் அதைக் கைவிட்டார்கள். சிவப்பைப் பார்த்து யாரும் பதற வேண்டியதில்லை.

அடுத்து, கூடு உண்மையானதா என்று பார்க்க வேண்டும். லேபிளில் உள்ள சான்று எண்ணை நிறுவனத்தின் தளத்தில் இட்டால் தரமும் பக்கங்களின் நிறமும் வரும். அதோடு நிறுத்திவிடாதீர்கள். 2023–24இல் ஒரு மோசடி வெளிவந்தது. உயர்ந்த தரம் பெற்ற கூட்டுக்குள் மட்டமான பிரதியை மாற்றி வைத்து, கூடு சேதமடைந்துவிட்டது என்று சொல்லிப் புதுக் கூடு வாங்கியிருந்தார்கள். சந்தேகத்துக்கு உரிய சான்று எண்களைச் சி.ஜி.சி.யே பட்டியலிட்டு வெளியிட வேண்டியதாயிற்று. இந்த ஒரு விஷயத்தில், ஓரங்கள் விரியாத, மூலைகளில் வெண்மையான அழுத்தத் தடம் இல்லாத பழைய கூடு உங்களுக்குச் சாதகமான சாட்சி. ஹெரிட்டேஜ் போன்ற ஏல நிறுவனங்கள் பழைய விற்பனைகளின் படங்களைச் சேமித்து வைத்திருக்கின்றன. உங்கள் பிரதி அங்கே விற்கப்பட்டிருந்தால், அதே சான்று எண்ணின் பழைய படத்தையும் இன்றைய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பின் குத்திய இடம், அட்டை மடிந்த கோணம், முதுகின் கோடுகள் எல்லாம் கைரேகை போன்றவை. அவை பொருந்த வேண்டும், புதிதாக எதுவும் சேர்ந்திருக்கவும் கூடாது.

வாங்கிய பிறகு உடைக்கலாமா என்ற கேள்விக்கு என் பதில்: பெரும்பாலும் வேண்டாம். உடைத்த கணமே 8.5 என்ற சான்று போய்விடும். புதிதாக வருவது 9.0 ஆகவும் இருக்கலாம், 8.0 ஆகவும் இருக்கலாம். தரத்தைத் தொடாமல் கூட்டை மட்டும் மாற்றும் சேவையும் உண்டு. கூடு விரிசல் விட்டிருந்தாலோ, இதழ் உள்ளே நகர்ந்தாலோ அதற்கு அனுப்புங்கள். அப்போது புது லேபிள் வரும், பழைய லேபிள் போய்விடும், அதற்காக வருந்த வேண்டாம். உள்ளுறையும் திறந்து சேதம் தெரிந்தால் மறுதரம் போடுவார்கள் என்பதையும் மனத்தில் வையுங்கள். ஒருவேளை உடைத்தே தீருவதென்றால், பழைய லேபிளை நிறுவனத்துக்குத் திருப்பி அனுப்பிவிடுங்கள். பலர் இதைச் செய்யாததால் தரம் பெற்ற பிரதிகளைப் பற்றி நிறுவனம் வைத்திருக்கும் கணக்கெடுப்பில் ஒரே பிரதி இரண்டு மூன்று முறை எண்ணப்படுகிறது. உயர்ந்த தரங்களின் எண்ணிக்கையைப் பார்க்கும்போது இதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

உங்கள் நிலையில் நான் இருந்தால், பழைய பிரதியின் புதுப் படங்களைக் கேட்டு வாங்கி, புதிய பிரதியின் அருகே வைத்து, தர எண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு பார்ப்பேன். பழையது அழகாக இருந்தால், புதியதற்குக் கொடுக்கும் அதே விலையைச் சொல்வேன். விற்பவர் இறங்கவில்லை என்றால் புதியதை வாங்குவேன், இந்த இதழின் பிரதிகள் சந்தைக்கு அடிக்கடி வருகின்றன. பழையதே அமைந்தால், அனுப்பும்போது கூட்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் மெத்தென்ற பொதி வைத்து, பெட்டிக்குள் பெட்டியாக அனுப்பச் சொல்லுங்கள். வந்தவுடன் பிரிக்கும்போதே மூலைகளைப் படமெடுத்துவிடுங்கள்.