முதல் பாடம்: ஒரு காணி உறுதி

ஐயா, வணக்கம். திருகோணமலையில் சட்டமாணி (LLB) பட்டத்துக்குப் படிப்பிக்கும் ஒரு நிறுவனத்தில் விரிவுரையாளராக இருக்கிறேன். கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம் என்று பிள்ளைகள் வெளியேதான் போகப் பார்க்கிறார்கள். எல்லாருடைய துண்டுப்பிரசுரத்திலும் மாதிரி நீதிமன்றம், அனுபவமிக்க விரிவுரையாளர்கள், குளிரூட்டிய வகுப்பறை. நாங்கள் எதைக் காட்டுவது?
– ந., உவர்மலை

அன்புள்ள ந.,

கறுப்பு அங்கியும் உயர்ந்த மேசையும் எந்த ஊரிலும் வாங்கலாம். உங்கள் ஊரின் தனிச்சரக்கு காணிப் பிணக்கு. தனியார் உறுதி (காணி உரிமைப் பத்திரம்), அரச காணியைப் பயன்படுத்தக் கொடுக்கும் பெர்மிட், இடம்பெயர்ந்து திரும்பியவர்களின் உரிமை எல்லாம் அங்கே பக்கத்துப் பக்கத்து வேலிதான். அதைப் பாடத்தின் நடுவில் வையுங்கள்.

முதலாண்டிலேயே பெயர்களை மறைத்த ஓர் உறுதிப் பிரதியைக் கையில் கொடுங்கள். காணியை விவரிக்கும் அட்டவணையின் நாலு எல்லையும் நிலஅளவைப் படத்தோடு ஒத்துப்போகிறதா? ஏக்கருக்கு 160 பேர்ச் என்ற கணக்கில் பரப்பளவு சரியா? 1840இன் 7ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் கேட்கிறபடி நொத்தாரிசும் இரண்டு சாட்சியும் கையெழுத்திட்டிருக்கிறார்களா? பிறகு காணிப் பதிவகத்துக்கு அனுப்பி 30 வருடப் பதிவைத் தேடச் சொல்லுங்கள். பாதிப் பேர் பிரிபட்ட காணிக்கான புதிய பதிவேட்டுப் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு, பழைய பக்கத்தில் கிடக்கும் ஈட்டை (அடமானத்தை) தவறவிடுவார்கள். அந்தத் தவறை வகுப்பில் செய்யட்டும், நீதிமன்றத்தில் வேண்டாம்.

"பத்து வருசம் இருந்தால் காணி உனக்கு" என்பது ஊர்ச் சட்டம். பிரிஸ்கிரிப்ஷனுக்கான (நீண்டகால ஆட்சியால் உரிமை பெறுவதற்கான) 1871இன் 22ஆம் இலக்கக் கட்டளைச்சட்டத்தின் 3ஆம் பிரிவு அதைச் சொல்வது உரிமையாளருக்கு எதிரான, இடையறாத ஆட்சிக்கு. அரசுக்கு எதிராக அது ஓடாது. பெர்மிட் காணியில் 40 வருடம் இருந்தாலும் ஓடாது. இதை ஒரு மாணவி தமிழில் ஒரு விவசாயிக்கு விளக்கி, அதே விஷயத்தை ஆங்கிலத்தில் மனுவாக எழுதினால், அவளைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் வருவார்கள்.

இலவச ஆலோசனை நிலையமும் தொடங்கலாம், ஆனால் அவசரப்படாதீர்கள். மாணவர் ஆலோசனை சொல்லக்கூடாது. கேட்டு எழுதலாம், வரையலாம், மேற்பார்வை செய்யும் சட்டத்தரணி பார்த்த பிறகே வெளியே போகவேண்டும். எட்டு மாணவருக்கு ஒருவர் என்பதே என் கணக்கு. மூல உறுதியை ஒருபோதும் வாங்கி வைக்காதீர்கள், பிரதி போதும். இப்படியான நிலையங்கள் பெரும்பாலும் படுத்துவிடுவது பரீட்சை மாதத்தில்: பிள்ளைகள் போய்விடுவார்கள், கோப்பு அலுமாரியில் கிடக்கும், வழக்குத் தவணை ஓடிப்போகும். ஒவ்வொரு கோப்பின் மட்டையிலும் கடைசித் திகதியையும் பொறுப்பேற்பவரின் பெயரையும் சிவப்பில் எழுதச் சொல்லுங்கள்.

துண்டுப்பிரசுரத்தில் நான் முதலில் தேடும் வரி வேறு. பட்டம் மட்டும் ஒருவரைச் சட்டத்தரணி ஆக்காது. இலங்கைச் சட்டக்கல்லூரியின் பரீட்சையும் பயிற்சியும் முடித்து, உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்யவேண்டும். உங்கள் பட்டத்திலிருந்து அங்கே போக என்னென்ன மிச்சம், எத்தனை காலம், எவ்வளவு செலவு என்பதைப் பெரிய எழுத்தில் போடுங்கள். வெளிநாட்டுப் பட்டமென்றால் அங்கீகாரத்தை எழுத்தில் பெற்ற பிறகே அச்சுக்கு அனுப்புங்கள்.